புதன்கிழமை நீச்சல்

உணவகம் ஒன்றின் கை கழுவும் இடத்தில் ஒரு பெண் நின்றுகொண்டு, பெரிய குளியல் துண்டைக் குழாயடியில் பிடித்து நனைக்கிறாள். பிழிகிறாள். உதறிப் பார்த்துவிட்டு, போதவில்லை என்று மறுபடியும் ஒரு முனையை நனைக்கிறாள். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? குழந்தை எதையோ கொட்டிவிட்டது, பாவம், என்றுதான் நினைப்பார்கள். பக்கத்துக் குழாய்க்கு வந்த பெண்மணியும் அதைத்தான் நினைத்தார்.

“குழந்தை வாந்தி எடுத்துடுச்சா?”

“ஆமாங்க” என்றாள் அவள். பொய்யை எவ்வளவுக்கெவ்வளவு சுருக்கமாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்று அந்தச் சில மாதங்களில் கற்றுக்கொண்டிருந்தாள்.

எந்தக் குழந்தையும் வாந்தி எடுக்கவில்லை. குழந்தைகள் இரண்டும் வெளியே மேசையில் அப்பாவோடு உட்கார்ந்து ஐஸ்கிரீம் வழித்துக்கொண்டிருந்தன. துண்டு மகளுடையது. மகள் நீச்சல் வகுப்பிலிருந்து திரும்பியிருக்கிறாள் என்று வீட்டில் நம்ப வேண்டும். அதற்குத் துண்டு ஈரமாக இருக்க வேண்டும். நீச்சல் வகுப்பு முடிந்துபோய் வெகுநாளாகிவிட்டிருந்தது.

அவளைக் கடைத்தெருவில் எல்லோரும் ஃப்ரேம் அக்கா என்பார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து, இந்த மூக்குக்கு இது நிற்கும், இந்தக் கன்னத்துக்கு அது இடிக்கும் என்று ஃப்ரேம் எடுத்துக் கொடுப்பது, போட்டுப் பார்த்தபின் கம்பியைச் சூடு காட்டி வளைத்துக் காதுக்குப் பின்னால் உட்கார வைப்பது, இதுதான் அவளுடைய பிழைப்பு. கைராசிக்காரி என்று பெயர். “நீங்க மாட்டிவிட்டா மட்டும் காது வலிக்க மாட்டேங்குது” என்று வயதானவர்கள் அவளுக்காகவே காத்திருப்பார்கள். காலையில் கடைக்குள் நுழைந்தால் இருட்டும் நேரத்தில்தான் வெளியே வருவாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாலும் அவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து ஓட வேண்டும். “நான் சாதம் போடற நேரம் பார்த்துத்தான் மாட்டிக்குவாங்களா? உங்களுக்கும் அந்த லிஃப்டுக்கும் ஏதாவது உள் ஏற்பாடு இருக்கா?” என்று அவள் கேட்பாள். பெரியவளுக்குப் பள்ளி விட்டதும் ஒரு வகுப்பு, அது முடிந்ததும் இன்னொரு வகுப்பு. சின்னவனுக்குப் பசி மட்டும் நேரத்துக்கு வரும்; மற்ற எதுவும் நேரத்துக்கு வராது.

வீட்டில் சாப்பாட்டு மேசை ஒன்று இருந்தது. இருந்தது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. ஒரு பக்கம் இஸ்திரிக்குக் காத்திருக்கும் துணி, ஒரு பக்கம் புத்தகப் பைகள், நடுவில் புருஷனுடைய ஸ்க்ரூடிரைவர்களும் எண்ணெய்க் கந்தலும். தட்டு வைக்கக் கிடைக்கும் ஒரு சாண் இடத்தில் ஒவ்வொருவராக வந்து, சாப்பிட்டு, கை கழுவிப் போவார்கள். பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் கூட நாலு பேர் சேர்ந்து நின்று குடிப்பார்கள். அந்த வீட்டில் அதுகூடக் கிடையாது.

அதனால்தான் அவளுக்கு அந்த உணவகம் பிடித்துப்போனது. புதன்கிழமை சாயங்காலம் மட்டும் புருஷனுக்குப் பதிலாக வேறு ஒருவர் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்வார். ஒரு நாள் தற்செயலாக நாலு பேரும் அங்கே போய் உட்கார்ந்தார்கள். ருசி சுமார்தான். பரிமாறுகிறவர் நல்ல மனிதர், ஆனால் நிதானி. ஆர்டர் எடுத்துக்கொண்டு உள்ளே போனாரென்றால் வெளியூர் போய்விட்டாரோ என்று சந்தேகம் வரும். ஃப்ரேம் அக்காவுக்கு அந்தத் தாமதம்தான் வேண்டியிருந்தது. சொல்லியாகிவிட்டது, இன்னும் வரவில்லை, யாரும் எழுந்துபோக முடியாது. எதிரெதிரே உட்கார்ந்து எவ்வளவு நேரம் சும்மா இருப்பது? பெரியவள் பேச ஆரம்பிப்பாள். வகுப்பில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்த ஆசிரியை காலணியை மாற்றி மாட்டிக்கொண்டு வந்தார், எல்லாம் வரும். புருஷன், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளிருந்து தன்னைத் திட்டும் திட்டுகளை நடித்துக் காட்டுவான். சின்னவன் உப்பையும் மிளகையும் கலந்து ஏதோ விஞ்ஞானம் செய்வான். சாப்பாடு வந்துவிட்டால் அவளுக்கு லேசாக ஏமாற்றமாக இருக்கும்.

“இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு வந்திருக்கலாம்” என்பாள் மெதுவாக.

“என்னது? பசி உயிர் போகுது, நீ வேற” என்பான் அவன்.

இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? நாலு பேர் வாரத்தில் ஒரு நாள் வெளியே சாப்பிடுவது குற்றமா? குற்றமில்லை. ஆனால் வீட்டில் இருந்தது ஐந்து பேர்.

ஐந்தாவது ஆள் புருஷனுடைய அக்கா. ஃப்ரேம் அக்காவுக்கு அண்ணி, குழந்தைகளுக்கு அத்தை. சின்னவன் பிறந்த சமயத்தில் கூடமாட ஒத்தாசையாக இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பெட்டியோடு வந்தவள். திரும்பிப் போவதற்கு அவளுக்கென்று ஒரு வீடு இல்லை என்பது வந்த பிறகுதான் மெல்ல மெல்ல வெளியே வந்தது. யாரும் இரு என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சமையலறை அவள் கைக்குப் போயிற்று, பிறகு துணி துவைப்பது, பிறகு சின்னவனைப் பள்ளியில் விடுவது. அவள் இல்லாவிட்டால் அந்த வீட்டில் விளக்கு எரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தை யார் தினமும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

ஒரே ஒரு முறை அவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கிளம்பும் நேரத்தில்தான் புருஷனுக்குத் தோன்றியது. “அக்கா, நீயும் வாயேன், அப்படியே வா” என்றான். அப்படியே வந்தாள். வீட்டில் கட்டியிருந்த சாயம்போன துணி, ரப்பர் செருப்பு, முன்கையில் மாவு.

வந்தவள் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பரிமாறுகிறவர் இரண்டு கையிலும் தட்டுகளோடு, கக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரத்தை இடுக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தாள். “ஐயோ, கொடுப்பா இப்படி” என்று எழுந்து அதை வாங்கிக்கொண்டாள். தன் மேசைக்கு ஊற்றினாள். ஊற்றிய கையோடு பக்கத்து மேசைக்கும் ஊற்றினாள். அந்த மேசைக் குழந்தையிடம், “சூடா இருக்குடா கண்ணு, ஊதி ஊதிச் சாப்பிடு” என்றாள்.

பக்கத்து மேசையில் இருந்தது கண்ணாடிக்கடை முதலாளியின் குடும்பம்.

முதலாளியம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “அட, ஃப்ரேம் அக்கா! நீங்களும் இங்கதானா? நாங்க புதன்கிழமை தவறாம வந்துடுவோம். இவங்க யாரு? ரொம்ப நல்ல மாதிரியா இருக்காங்களே.”

நல்ல மனதோடுதான் கேட்டார். அதற்கு, ‘என் வீட்டுக்காரரோட அக்கா’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஃப்ரேம் அக்காவின் கண் அந்த ரப்பர் செருப்பில் போய் நின்றது. பிறகு முதலாளியம்மாவின் கைப்பையில் நின்றது. வாய் தானாகச் சொன்னது:

“வீட்டோட இருக்காங்க. சமையலுக்கு.”

புருஷன் வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தான். சின்னவன் மேசைக்கு அடியில் இருந்தான். பெரியவள் மட்டும் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மெனு கார்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அண்ணி அதற்குள் அதற்கடுத்த மேசைக்குப் போய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்ததா இல்லையா என்பது தெரியவில்லை. முதுகைப் பார்த்து எதைக் கண்டுபிடிப்பது? திரும்பி வந்து உட்கார்ந்து, “எனக்குப் பசியே இல்ல, கட்டிக் கொடுக்கச் சொல்லிடு, வீட்டுல போய்ப் பார்த்துக்கறேன்” என்றாள். எப்போதும் போலத்தான் சொன்னாள். எப்போதும் போலத்தானா?

அந்தக் கேள்வி ஃப்ரேம் அக்காவின் நெஞ்சில் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது. இனி அண்ணியை அங்கே கூட்டிப்போக முடியாது. முதலாளி குடும்பம் புதன்கிழமை தவறாமல் வரும். அவர்கள் எதிரில் அண்ணி தன் தம்பியைப் பார்த்து, “டேய் தம்பி, ஒழுங்கா நிமிர்ந்து உட்காருடா” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் வெட்டவெளிச்சம். வீட்டில் வேலைக்கு இருக்கிறவள் அந்த வீட்டுக்காரனை டேய் என்பாளா?

போவதை விட்டுவிடவும் மனம் வரவில்லை. வாரம் முழுவதும் அந்த ஒரு மேசைக்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பெரியவளின் நீச்சல் வகுப்பு கைகொடுத்தது. புதன்கிழமை சாயங்காலம் வகுப்பு, முடிய நேரமாகிறது, நாங்கள் போய்க் கூட்டிவருகிறோம் என்று அண்ணியிடம் சொன்னாள். வகுப்பு முடிந்த பிறகும் அதையே சொன்னாள்.

“அக்கா மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பார்க்கற. அவளுக்கும் ஹோட்டல் எல்லாம் ஒத்துவராது” என்று புருஷன் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துத் திருப்தியடைந்தான். அவள் மறுக்கவில்லை. பெரியவள் மட்டும், “நல்ல மனசுதான்” என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

இதில் யாரும் எதிர்பார்க்காத ஒரு சங்கடம் இருந்தது. நீச்சலடித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பசிக்க வேண்டுமே! வீட்டுக்குப் போனால் அண்ணி சமைத்துவைத்துக்கொண்டு நிற்பாள். சூப், ரொட்டி, நூடுல்ஸ், ஐஸ்கிரீம் என்று கழுத்துவரை சாப்பிட்டுவிட்டு வந்த நாலு பேரும் மறுபடி தட்டின் முன்னால் உட்காருவார்கள். புருஷன் பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்திக்கொள்வான். சின்னவன் பாதியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவான். பெரியவள், உடம்பு குறைக்கிறேன் என்று தப்பித்துக்கொள்வாள். ஃப்ரேம் அக்காதான் மாட்டிக்கொள்வாள். வயிறு வேண்டாம் வேண்டாம் என்று கும்பிடும். குற்றமுள்ள மனசோ, போடுங்க அண்ணி, இன்னும் கொஞ்சம் போடுங்க என்று கேட்டு வாங்கும். புதன்கிழமை இரவுகளில் அவள் சாய்ந்துதான் படுக்க முடிந்தது.

முதல் சில வாரங்கள் இப்படி அவதிப்பட்டார்கள். பிறகு சாப்பாடு தானாகவே குறைந்தது. பாத்திரத்தில் எல்லோருக்கும் ஒரு கரண்டி, இரண்டு கரண்டிதான் இருந்தது. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டாள். ஏன் குறைந்தது என்று யோசிக்கவில்லை. தனக்கு வசதியான விஷயத்தைத் தோண்டிப் பார்க்கும் வழக்கம் யாருக்கு இருக்கிறது?

அப்புறம் அந்தப் புதன்கிழமை வந்தது. உணவகத்தின் கதவில் பூட்டு. உள்ளே குழாய் வேலை நடக்கிறதாம், இன்று விடுமுறை என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அடுத்த தெருவில் இன்னொரு இடத்துக்குப் போனார்கள். அங்கே வாசல்வரை வரிசை. தூறல் போட ஆரம்பித்தது.

“எனக்குப் பசிக்குது” என்றான் சின்னவன். அதையே மறுபடியும் மறுபடியும் சொன்னான்.

“வீட்டுக்கே போயிடலாம். அக்கா எப்படியும் சமைச்சு வெச்சிருப்பா. இன்னைக்காவது பசியோட சாப்பிடலாம்” என்றான் புருஷன். எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. ஒரு வாரமாவது நேர்மையாக ஒரே ஒரு சாப்பாடு!

வீட்டுத் தெரு முனையில் பெரியவள் நின்றுவிட்டாள். “அம்மா. துண்டு.”

துண்டு காய்ந்துகிடந்தது. ஃப்ரேம் அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். கைப்பையிலிருந்து குடிதண்ணீர் பாட்டிலை எடுத்து, ஒரு மூடிய கடையின் நிழலில் ஒதுங்கி, துண்டின் மேல் ஊற்றினாள். குளிர்ந்த தண்ணீர் புறங்கையில் வழிந்து முழங்கைக்கு ஓடியது.

“அம்மா, என்ன பண்றோம் நாம?” என்று கேட்டாள் பெரியவள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“பேசாம வா.”

வீட்டில் மேசையில் வழக்கம்போல் ஒரு சாண் இடம் ஒழித்துத் தட்டுகள் வைக்கப்பட்டிருந்தன. நாலு பேரும் அடித்துப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அண்ணி பாத்திரத்தைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு பிடி சாதம் இருந்தது. பக்கத்துக் கிண்ணத்தில் நாலு துண்டு காய். சின்னவன் ஒருவனுக்கே கடைவாய்க்குப் பத்தாது.

புருஷன் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தான். “மீதி எங்க அக்கா?”

அண்ணி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். கரண்டி அந்தரத்தில் நின்றது.

“ஏன்? இன்னைக்கு ஹோட்டல்ல சாப்பிட்டு வரலையா?”

பெரியவளின் மடியிலிருந்த துண்டிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. அதைவிடக் கொடுமை, அண்ணியின் முகம்தான் முதலில் சிவந்தது. “அடக் கடவுளே, தெரியாம போச்சே. புள்ளைங்க பட்டினியா வந்திருக்குதுங்க. நான் ஒரு மடச்சி, பேருக்குக் கொஞ்சமா வடிச்சு வெச்சிருக்கேன். இரு, இரு, ஒரு நிமிஷம்” என்று ஏதோ தான் தப்பு செய்தவள் மாதிரி சமையலறைக்கு ஓடினாள்.

புருஷன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஃப்ரேம் அக்கா எழுந்து பின்னாலேயே போனாள். அண்ணி வாணலியை அடுப்பில் வைத்து, முட்டைகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“எப்பலேர்ந்து தெரியும் அண்ணி?”

“எது? ஓ, அதுவா. முதல் வாரமே சின்னவன் சட்டையில தக்காளி சாஸ். துவைக்கறவ நான்தானே? நீச்சல் குளத்துல தண்ணிக்குப் பதிலா சாஸையா ஊத்தி வெச்சிருக்காங்க? அந்தத் துண்டு வேற, கை கழுவற சோப்பு வாசனை தூக்கும்.” அவள் சிரித்தாள். “வெங்காயம் அந்தக் கூடையில இருக்கு, எடு.”

“அப்பவே கேட்டிருக்கலாமே, அண்ணி?”

“என்னன்னு கேக்கறது? நீங்க வந்து மறுபடியும் உட்கார்ந்து சாப்பிடறதைப் பார்த்தா எனக்கே பாவமா இருக்கும். தம்பி மூச்சு முட்ட உட்கார்ந்திருப்பான். நீ கேட்டுக் கேட்டு வாங்கித் திம்ப. வயித்துக்கு ஏதாவது ஆயிடப் போகுதுன்னுதான் கொஞ்சமா பண்ண ஆரம்பிச்சேன்.”

ஃப்ரேம் அக்கா வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும். வாய்க்கு முதலில் வந்ததைச் சொன்னாள். “அடுத்த புதன்கிழமை நீங்களும் வாங்க அண்ணி. எல்லாரும் சேர்ந்தே போலாம்.”

“வரேன்” என்றாள் அண்ணி. ஒரு முட்டையை வாணலியின் விளிம்பில் தட்டி உடைத்தாள். “வந்தா, நான் யாருன்னு சொல்லுவ?”

குரலில் சூடில்லை. இன்னும் எத்தனை முட்டை போடட்டும் என்று கேட்பதுபோல் கேட்டாள். வாணலியில் முட்டை படபடவென்று பொரிந்தது. ஃப்ரேம் அக்காவுக்குக் காது இரண்டும் எரிந்தன. அந்த நிமிஷம் சமையலறைத் தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் நன்றி சொல்லியிருப்பாள். அண்ணி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “தட்டை நீட்டு, கருகிடும்” என்றாள்.

அந்த வாரம் கடையில் அவள் கைராசி எங்கோ போய்விட்டது. ஒருவருக்குக் கம்பியை அதிகமாகச் சூடு காட்டிக் கோணலாக்கிவிட்டாள். நடுவில் ஒரு நாள் முதலாளியம்மாவே கடைக்கு வந்தார். இதுதான் சமயம், யாரும் இல்லாதபோது சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போனாள். “அம்மா, ஒரு விஷயம்...” முதலாளியம்மா நிமிர்ந்து, “சொல்லுங்க” என்றார். “உங்க கண்ணாடி அழுக்கா இருக்கு, துடைச்சுத் தரட்டுமா?” என்று கேட்டு, வாங்கித் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

புதன்கிழமை வந்தது. அண்ணி பெட்டியிலிருந்து எடுத்த நல்ல துணியை உடுத்தியிருந்தாள். மடிப்புக் கோடு இன்னும் கலையவில்லை. காலில் தோல் செருப்பு. எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆள் புருஷன்தான். “என்னக்கா, நீயும் நீச்சல் கத்துக்கக் கிளம்பிட்டியா? துண்டு எடுத்துக்கிட்டியா?” என்று வழியெல்லாம் கேலி பேசிக்கொண்டு வந்தான்.

“உன் வாயை முதல்ல துண்டால கட்டணும்டா” என்றாள் அண்ணி.

ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். சொல்லிவைத்ததுபோல் முதலாளி குடும்பம் இரண்டு மேசை தள்ளி இருந்தது. சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்து இவர்கள் பக்கமாகத்தான் வந்தார்கள். “அட, ஃப்ரேம் அக்கா!” என்றார் முதலாளியம்மா.

அவள் எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் இடித்தது. “அம்மா, இவங்க... இவங்க என் வீட்டுக்காரரோட சொந்த அக்கா. அன்னைக்கு நான் தப்பா சொல்லிட்டேன்.”

“வணக்கம்மா” என்று அண்ணியைப் பார்த்துச் சிரித்த முதலாளியம்மா, புருவத்தைச் சுருக்கினார். “என்னைக்கு? என்ன சொன்னீங்க?”

அவருக்கு ஞாபகமே இல்லை! இத்தனை மாதம் அவள் தூக்கிச் சுமந்த வார்த்தை, கேட்டவர் காதில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். பெரியவள் மெனு கார்டைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். சரிசெய்ய வேண்டுமென்றால் அதே வார்த்தையை மறுபடியும் வாயால் சொல்ல வேண்டும், இந்தத் தடவை எல்லோர் முன்னாலும்.

“சமையலுக்கு இருக்காங்கன்னு சொன்னேன்” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தரம் சொன்னாள். “நம்ம வீட்டுல வேலைக்கு இருக்கறவங்க மாதிரி சொல்லிட்டேன். அது தப்பும்மா.”

முதலாளியம்மாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. “ஐயோ, அதனாலென்ன... நான் ஒண்ணும்... சரி, சாப்பிடுங்க, சாப்பிடுங்க” என்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

புருஷனின் முகத்தில் கேலி அப்படியே காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. “என்ன சொன்ன நீ? எங்க அக்காவையா?” நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “நான் வெளிய இருக்கேன்.”

“உட்காருடா” என்றாள் அண்ணி.

“இல்லக்கா...”

“உட்காருன்னு சொன்னேன். எனக்குத் தெரியாததையா அவ சொல்லிட்டா? நீயும்தான் அன்னைக்கு என்னை அப்படியே வான்னு கூப்பிட்டுக்கிட்டு வந்த. கைய அலம்பிட்டு வான்னு ஒரு வார்த்தை சொன்னியா?”

அவன் உட்கார்ந்தான். பரிமாறுகிறவர் வந்தார். ஃப்ரேம் அக்கா வழக்கம்போல எல்லோருக்குமாகச் சொல்ல வாயைத் திறந்தாள். அண்ணி மெனு கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு, “எனக்கு நானே சொல்லிக்கறேன்” என்றாள். படம் படமாகப் புரட்டினாள். இது காரமா, அதில் என்ன போடுவீர்கள், எலும்பு இருக்குமா என்று கேட்டாள். முள் எடுத்த மீன் ஒன்றைத் தனக்கு மட்டும் சொன்னாள். இனிப்பும் ஒன்று சொன்னாள். அதையும் தனக்கு மட்டும்தான்.

சாப்பாடு வந்தது. நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டு பரபரவென்று முடித்துவிட்டார்கள். வீட்டில் பழகிய வேகம். முடித்துவிட்டு நிமிர்ந்தால், அண்ணியின் தட்டில் பாதி கூடக் குறையவில்லை. ஒவ்வொரு வாயாக எடுத்து, வலப்பக்கமே ஒதுக்கி, கண்ணை லேசாகச் சுருக்கிக்கொண்டு மென்றாள். விழுங்கினாள். கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். அடுத்த வாய் எடுத்தாள்.

அண்ணி சாப்பிட்டு அதுவரை தான் பார்த்ததே இல்லை என்பது ஃப்ரேம் அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லோரும் எழுந்துபோன பிறகுதான் அவள் சாப்பிடுவாள்.

“அண்ணி, அந்தப் பக்கம் என்ன? வலிக்குதா?”

“இந்தப் பக்கம் பல்லே இல்லையே” என்றாள் அண்ணி, வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு. “கீழ மூணு. சின்னவன் நடக்கறதுக்கு முன்னாடியே போயிடுச்சு.”

பையன் இப்போது மிதிவண்டி ஓட்டுகிறான். புருஷன் அக்காவின் கன்னத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். சின்னவன் மட்டும் நெளிந்தான்.

“போலாமாம்மா?”

“அத்தை சாப்பிடறாங்கல்ல” என்றாள் பெரியவள்.

அண்ணி மீனை முடித்தாள். தட்டை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, இனிப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.